நூற்றைம்பதுக்கு மேல் புறா

உப்பாற்றுத்துறை துறைமுகத்தில் யானைக்குக் காது வைத்த அன்று, வேலை மொத்தமாகப் படுத்துவிட்டது.

யானை என்றால் நிஜ யானை இல்லை. கப்பலின் வயிற்றுக்குள் தும்பிக்கையை விட்டு, உள்ளே குவிந்து கிடக்கும் கோதுமையையோ பருப்பையோ வாரி எடுத்து, கரையில் ஓடும் பெல்ட்டில் கொட்டுகிற இயந்திரம். ஆறு மாடி உயரம். தும்பிக்கை நுனியில் ஓர் ஆள் உயரத்துக்குத் திருகு. அது சுழலச் சுழல சரக்கு தானாக மேலே ஏறும். செய்த கம்பெனி அதற்கு வைத்த பெயரில் எழுத்தைவிட எண் அதிகம். அதைச் சொல்லி வாய் வலிக்க யாரும் தயாராக இல்லாததால் யானை.

காது வந்தது சட்டத்தால். எங்கோ ஒரு தூர தேசத்தில் இப்படி ஒரு திருகு, கப்பலின் சரக்கறையில் தூங்கிக்கொண்டிருந்த ஆட்களையும் கோதுமையோடு சேர்த்து மேலே ஏற்றிவிட்டது. அதன்பிறகு விதி போட்டார்கள்: இதயம் துடிக்கும் சரக்கறையில் திருகு சுழலக் கூடாது. உடனே ஒரு புத்திசாலி நிறுவனம், சரக்குக் குவியலின் வழியாகவே இதயத் துடிப்பைக் கேட்கும் கருவியைச் செய்து உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் விற்றது. உப்பாற்றுத்துறைக்கு வந்த கருவி தமிழும் பேசியது. தமிழைத் தபால் வழியில் படித்தவர் யாரோ எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

“ஓர் இதயம் செவிமடுக்கப்படுகிறது. பணி நிறுத்தம் கொள்கிறது” என்றது யானை, முதல் நாள் காலையில்.

கட்டுப்பாட்டு அறையில் இருந்த டெல்பின் பதறிப்போய் கேமராவைத் திருப்பினாள். யானையை ஓட்டும் பொறியாளர்களில் அவள்தான் மூத்தவள். முப்பத்தைந்து வயது, நாக்கு அதற்கும் மேலே. திரையில் மஞ்சள் பட்டாணி மலை. அதன் உச்சியில் ஒரு புறா, கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி நிதானமாகக் கொத்திக்கொண்டிருந்தது.

ஆள் இறங்கி விரட்டினார்கள். இறங்கிய ஆளின் இதயத்தைக் கேட்டு யானை மறுபடியும் நின்றது. ஆள் ஏறினார். புறா திரும்பி வந்தது. இடையில் எலி வந்தது. பிற்பகலில் கப்பல் சமையல்காரரின் பூனை வந்தது. சாயங்காலம் கப்பலின் கேப்டனே வந்து, தனக்குத் தெரிந்த நான்கு மொழிகளிலும் திட்டிவிட்டுப் போனார்.

முனைய மேலாளர் பிரகதீசன் மறுநாள் கூட்டம் போட்டார். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, பேச்சிலும் இருக்காது.

“முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவு பண்ணிக்கலாம். உயிர்னா என்ன?” என்றார்.

“சார், அது ரொம்ப நாளா எல்லாரும் யோசிச்சிக்கிட்டுதான் இருக்காவ” என்றாள் டெல்பின்.

“நாம மதிய சாப்பாட்டுக்குள்ள முடிக்கணும். எத்தனை கிலோவுக்கு மேல உயிர்? அதைச் சொல்லுங்க.”

“காதுக்கு எடை தெரியாது சார். துடிப்புதான் தெரியும். எலிக்கு நிமிஷத்துக்கு நானூறு, ஐந்நூறு அடிக்கும். புறாவுக்கும் பூனைக்கும் இருநூறு பக்கத்துல வரும். நமக்கு எழுபது, எண்பது. மூட்டை தூக்குனா நூத்தி இருபது, நூத்தி முப்பது.”

பிரகதீசனின் முகம் மலர்ந்தது. “அவ்ளோதானே! நூத்தம்பதுக்கு மேல எல்லாம் புறா. கண்டுக்க வேணாம்னு யானைக்குச் சொல்லிடுங்க.”

“பயந்தா மனுஷனுக்கும் ஏறும் சார். கால் பக்கத்துல அந்தத் திருகு சுத்துறதப் பாத்தா யாருக்கும் நூத்தம்பதத் தாண்டிரும். காது யாருக்காக வச்சமோ அவன் அப்ப புறாவா ஆயிருவான்.”

பிரகதீசன் பேனாவை மேசையில் தட்டித் தட்டி யோசித்தார்.

“அப்படின்னா, பயப்படாதவங்களை மட்டும் உள்ளே இறக்குவோம்.”

டெல்பின் சிரித்தாள். நகைச்சுவை என்று நினைத்துவிட்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தபோது கூட்டக் குறிப்பில் அது ஏறிவிட்டிருந்தது.

அன்று மாலை அவள்தான் திரையில் எண் கேட்கும் பெட்டியைத் திறந்து நூற்று ஐம்பது என்றும், கீழே பெயர் கேட்ட கட்டத்தில் தன் பெயரையும் தட்டினாள். அவள் தட்டாவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரர் தட்டியிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பக்கத்து நாற்காலிக்காரர் அன்று விடுப்பு. யானை மறுநாளிலிருந்து புறாக்களை மதிக்காமல் ஜோராக ஓடியது. கேப்டன் ஒரே மொழியில் நன்றி சொன்னார்.

அடுத்த வாரம் கிடங்கில் பாய் விரித்து யோகா வகுப்பு தொடங்கியது.

சரக்கறைக்குள் இறங்குகிற தொழிலாளர்கள் அத்தனை பேரும் வர வேண்டும். யானையால் எட்ட முடியாத மூலைகளில் ஒட்டிக்கிடக்கும் சரக்கை மண்வெட்டியால் தள்ளி விடுவது இவர்கள் வேலை. காலையில் மூச்சை இழுக்க வேண்டும், விட வேண்டும், மனத்தில் ஓர் அமைதியான ஏரியை நினைக்க வேண்டும். உப்பாற்றுத்துறையில் ஏரியைப் பார்த்தவர்கள் குறைவு. உப்பளத்தை நினைத்துக்கொண்டார்கள். கடைசியில் தேர்வு. மணிக்கட்டில் துடிப்பு அளக்கும் பட்டை கட்டி, கண்ணை மூடி உட்காரச் சொல்லி, முதுகுக்குப் பின்னால் ஒரு வெடியைக் கொளுத்துவார்கள். துடிப்பு நூற்றைம்பதைத் தாண்டாவிட்டால் ‘அச்சமின்மைச் சான்றிதழ்’. தாண்டினால் இனி சரக்கறைக்குள் வேலை இல்லை.

பொன்மாடன் எண்பத்தெட்டில் தேறி முதலிடம் வாங்கினார். வகுப்பே கைதட்டியது. அவருக்கு இரண்டு காதும் கேட்காது என்பதை யோகா மாஸ்டரிடம் யாரும் சொல்லவில்லை.

செல்லக்கனிக்கு நூற்று எண்பத்தொன்று. வெடித்ததும் எழுந்து, திரும்பி, கையில் அகப்பட்ட முதல் ஆளை ஓங்கி ஓர் அறை விட்டாள். அகப்பட்டது யோகா மாஸ்டர். அவருடைய துடிப்பு அப்போது எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை.

மறுநாள் அவளைக் கப்பலின் மேல்தளத்தில் சிந்தும் பட்டாணியைக் கூட்டும் வேலைக்கு மாற்றினார்கள். சம்பளம் பாதி. கையில் விளக்குமாறோடு அவள் நேராகக் கட்டுப்பாட்டு அறைக்கு ஏறி வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவன் இல்லை, கல்லூரியில் படிக்கும் மகள் ஒருத்தி. மூச்சு வாங்கியது.

“டெல்பினம்மா, நான் மனுசி இல்லியாம்லா? புறாவாம். கீழ அம்புட்டுப் பேரும் குர்ர் குர்ர்ங்கானுவ.”

“உக்காருங்க எக்கா.”

“உக்கார வரல. இத்தன வருசமா கப்பலுக்குள்ள இறங்குதேன். ஒவ்வொரு தடவையும் ஏணியில கால வைக்கயில நெஞ்சு அடிச்சிக்கிடும். பயம் இல்லாமலா இறங்குவாவ? பயந்துக்கிட்டே இறங்குனேன், பயந்துக்கிட்டே ஏறி வந்தேன். ஒரு நாளு லீவு போட்டனா? நீங்களே சொல்லுங்க, அந்த நம்பர யாரு வச்சது?”

டெல்பின் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஆபீஸ்ல முடிவு பண்ணுனது எக்கா” என்றாள்.

“ஆபீஸுக்குக் கை இருக்காம்மா, தட்டுறதுக்கு?” என்று கேட்டுவிட்டு செல்லக்கனி படியிறங்கினாள்.

அன்று சாயங்காலம் டெல்பின் பிரகதீசனின் அறைக்குப் போய், எண்ணை எடுத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தாள். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், “அடுத்த வாரம் பாதுகாப்பு ஆய்வாளர் வர்றார். அவர் பார்த்து ஓகே சொல்லட்டும். அப்புறம் பேசலாம்” என்றார்.

ஆய்வாளர் சீதாபதி வந்தார். வந்ததுமே திரும்பிப் போகும் ரயிலைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார். பட்டாணிக் கப்பல் ஒன்று பாதி இறங்கிய நிலையில் நின்றது. அன்றைக்கு எல்லாம் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, மண்வெட்டியும் அழுக்குச் சட்டையுமாக இருந்த தொழிலாளர்களைக் கேண்டீனுக்கு அனுப்பி வடை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். மேல்தளத்தில் கூட்டிக்கொண்டிருந்த செல்லக்கனியை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. கூட்டுகிறவர்களை யார் கவனிப்பார்கள்?

“யானையோட காதை நானே செயல்முறை விளக்கம் பண்ணிக் காட்டறேன்” என்றார் பிரகதீசன், புது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே. “நான் உள்ளே இறங்குவேன். யானை தானா நிக்கும். போட்டோ எடுத்து தலைமை ஆபீஸுக்கு அனுப்பணும்.”

டெல்பின் அவரைத் தனியாக அழைத்தாள். “சார், நீங்க பயிற்சி எடுக்கலியே.”

“அது தொழிலாளிங்களுக்கு.”

“பொன்மாடன் அண்ணன இறக்குவோம் சார்.”

“அவருக்குக் காது கேக்காதுன்னு எனக்கும் தெரியும் டெல்பின்.” முதல்முறையாக அவர் லேசாகச் சிரித்தார். “ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. சிவப்புப் பொத்தானைத் தொடவே கூடாது. தொட்டா, அது தானா நின்னுச்சா, நீங்க நிறுத்துனீங்களான்னு கேள்வி வரும்.”

அவர் ஏணியில் கால் வைத்தபோது டெல்பினின் திரையில் இன்னும் எதுவும் தெரியவில்லை. கால் பட்டாணியைத் தொட்டதும் தெரிந்தது: நூற்றுப் பதினெட்டு. சுழன்றுகொண்டிருந்த திருகு அவரிடமிருந்து பத்தடி தள்ளி நின்றுவிட்டது.

“ஒரு மனித இதயம் செவிமடுக்கப்படுகிறது. பணி நிறுத்தம் கொள்கிறது.”

“பிரமாதம்!” என்றார், கட்டுப்பாட்டு அறையில் டெல்பினுக்குப் பக்கத்தில் இருந்த சீதாபதி. கைதட்டல் ஒலிபெருக்கி வழியாகச் சரக்கறைக்குள்ளும் கேட்டது. பிரகதீசன் கேமராவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். அத்தோடு ஏறி வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. போட்டோவில் தும்பிக்கையும் விழ வேண்டும் என்று இரண்டடி தள்ளி நின்றார்.

பட்டாணி தரை மாதிரித் தெரியும். தரை இல்லை. வலது கால் முழங்கால் வரை போய்விட்டது. அதை எடுக்க இடது காலை ஊன்றினார். அதுவும் போனது.

நூற்று இருபத்தொன்பது. நூற்று நாற்பது.

“சார், அசையாம நில்லுங்க. மூச்ச மெதுவா விடுங்க” என்றாள் டெல்பின் ஒலிவாங்கியில். மெதுவாக மூச்சு விடச் சொன்னால் மெதுவாக விட்டவர்கள் உலகத்தில் உண்டா என்று தெரியவில்லை. பிரகதீசன் கைகளை வீசினார். நூற்று நாற்பத்தெட்டு. எதிரே தும்பிக்கையின் திருகு, தேய்ந்த உலோகம், பளபளவென்று. அவர் அதைப் பார்த்தார்.

நூற்று ஐம்பத்து மூன்று.

“மனித இதயம் இல்லை” என்றது யானை, அதே மரியாதையோடு. “பறவை ஒன்று. பணி தொடர்கிறது.”

திருகு சுழலத் தொடங்கியது.

“யானை தானா நிக்கும்னு சொன்னாரே...” என்று சீதாபதி ஏதோ சொல்ல வந்தார். டெல்பின் சிவப்புப் பொத்தானில் உள்ளங்கையை வைத்து மொத்த உடம்பையும் சாய்த்தாள். திருகு முனகிக்கொண்டே நின்றது. அந்தச் சில நொடிக்குள் அது வாரிய வாரலில் பட்டாணிச் சரிவின் அடி கரைந்திருந்தது. மேலே இருந்த மஞ்சள் சுவர் சத்தமே இல்லாமல் இறங்கி வந்தது. இடுப்பு. மார்பு. தோள். தாடைக்குக் கீழே வந்து நின்றது. அதற்கு மேலே ஒரு புது ஹெல்மெட்டும் வாயும் மட்டும் தெரிந்தன. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நெஞ்சை அழுத்திப் பிடித்திருக்கும் பட்டாணிக்குள் மூச்சை வெளியே விடலாம், திரும்ப இழுக்க இடம் இருக்காது.

டெல்பின் கேண்டீனுக்கு அபாயச் சங்கை ஊதிவிட்டு, ஒலிபெருக்கியில் கத்தினாள்: “மேல்தளத்துல யாரு இருக்கீய? யாராவது இருக்கீயளா?”

யாரோ ஏற்கெனவே ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கேமராவில் முதலில் ஒரு சேலை முந்தானை, அதன்பின் செல்லக்கனி. மேல்தளத்திலிருந்த ஒரு பலகையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். கடைசிப் படியில் நின்று, “ஏசுவே, மாரியாத்தா” என்று மதபேதம் பாராமல் இரண்டு பேரையும் கூப்பிட்டாள். பலகையைப் பட்டாணி மேல் போட்டு, அதன் மேல் குப்புறப் படுத்து, நீந்துகிற மாதிரி தவழ்ந்தாள்.

“பறவைகள் இரண்டு” என்றது யானை. “பணி தொடரலாமா?”

“வாய மூடு சனியனே!” என்றாள் டெல்பின். அதற்கு அந்தத் தமிழ் தெரியாது. மூன்று முறை கேட்டுவிட்டு விட்டுவிட்டது.

செல்லக்கனி இரண்டு கையாலும் அவர் முகத்தைச் சுற்றி வாரி வாரி எறிந்தாள். எறிய எறியச் சரிந்து வந்தது. அவள் நிறுத்தவில்லை. அழுதுகொண்டே வாரினாள். “சாவாதிய சாரு, சாவாதிய. எனக்குப் பயமா இருக்கு, சாவாதிய” என்று அவரிடமே கெஞ்சினாள். திரையில் இரண்டு எண்கள். ஒன்று நூற்று அறுபத்தெட்டு. மற்றது நூற்று எண்பத்தொன்று.

கேண்டீனிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள், சிலர் கையில் வடையோடு. தகரத் தகடுகளை இறக்கி அவரைச் சுற்றிக் கிணற்று உறை மாதிரி நட்டார்கள். பொன்மாடன் உள்ளே இருந்த பட்டாணியை வாளியில் மொண்டு மொண்டு வெளியே கொட்டினார். நெஞ்சு விடுபட்டதும் பிரகதீசன் இழுத்த முதல் மூச்சின் சத்தம் கட்டுப்பாட்டு அறை வரை கேட்டது. சீதாபதி நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ரயிலைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை.

பிரகதீசனைத் தூக்கி ஆம்புலன்ஸில் படுக்க வைத்தபோது டெல்பின் ஓடி வந்து பக்கத்தில் ஏறினாள். விலா எலும்பு இரண்டு விரிசல், மற்றபடி ஆபத்து இல்லை என்றார் மருத்துவ உதவியாளர். சட்டைப் பையிலிருந்து பட்டாணி உதிர்ந்துகொண்டே இருந்தது.

“டெல்பின்” என்றார், ஆக்சிஜன் முகமூடியைத் தள்ளிவிட்டு.

“சொல்லுங்க சார்.”

“எனக்கு எவ்வளவு போச்சு?”

“நூத்தி அறுபத்தெட்டு.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தாள். தானும் அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

“அப்போ நூத்தி எழுபதுன்னு வச்சிடுங்க” என்றார்.

டெல்பின் வெளியே பார்த்தாள். ஆம்புலன்ஸின் திறந்த கதவு வழியாகத் துறைமேடை தெரிந்தது. அங்கே தரையில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த தேநீரைப் பிடிக்க முடியாமல், செல்லக்கனி பாதியைச் சேலையில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

“செல்லக்கனி எக்காவுக்கு நூத்தி எண்பத்தொண்ணு சார்.”

பிரகதீசன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அவர் கண்ணில் நிஜமாகவே நன்றி இருந்தது; அதை டெல்பின் பின்னால் யாரிடம் சொல்லும்போதும் மறைக்கவில்லை.

“பாவம், ரொம்பப் பயந்துட்டாங்க” என்றார் மெதுவாக. “அவங்களை இனிமே உள்ளே இறக்க வேணாம். அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

டெல்பின் ஆம்புலன்ஸிலிருந்து இறங்கினாள். “நம்பர் போடணும்னா நீங்களே வந்து போடுங்க சார். கீழ பேரும் கேக்கும். என் பேரு இனிமே அதுல இருக்காது” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

கட்டுப்பாட்டு அறையில் சீதாபதி இன்னும் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னாலேயே டெல்பின் அந்தப் பெட்டியைத் திறந்து, நூற்றைம்பதையும் தன் பெயரையும் அழித்தாள்.

“அனைத்து இதயங்களும் செவிமடுக்கப்படும். தாமதங்களுக்கு யார் பொறுப்பு?” என்று கேட்டது யானை.

சீதாபதி பேனாவை எடுத்தார். “எண்ணைப் பத்தி என் அறிக்கையில எழுதணுமாம்மா?”

“நீங்க பாத்தீயளே சார். பாத்தத எழுதுங்க.”

அவர் எழுதினார் என்றுதான் கேள்வி. அறிக்கை மேலே போனது. மேலே எங்கே என்று தெரியவில்லை. அந்தக் கப்பல் நாள் தப்பித்தான் கிளம்பியது. டெல்பினுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. பதிலுக்கு அவள், அந்தப் பெட்டியில் எந்த எண்ணையும் யார் வேண்டுமானாலும் பெயரோடு நிரப்பலாம், தான் குறுக்கே நிற்க மாட்டேன் என்று எழுதினாள். செல்லக்கனிக்குப் பழைய வேலை திரும்பக் கிடைத்தது. பாதிச் சம்பளத்தில் போன நாட்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. யோகா மாஸ்டர் வேறு துறைமுகத்துக்குப் போனார்.

விலாவில் கட்டோடு பிரகதீசன் வேலைக்குத் திரும்பிய அன்று, யானை நின்றுகொண்டிருந்தது. வெளியே லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. கேப்டன், இது வேறு கேப்டன், மேலே வந்து கத்திவிட்டு அப்போதுதான் போயிருந்தார். திரையில் பட்டாணி மலை. அதன் மேல் ஒரு புறா, பக்கத்தில் இன்னொன்று.

பிரகதீசன் டெல்பினின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவள் எழுந்து ஒதுங்கி, எண் கேட்கும் பெட்டியைத் திறந்து காட்டினாள். மேலே ஒரு கட்டம், காலி. கீழே பெயருக்கு ஒரு கட்டம், அதுவும் காலி. உள்ளே கோடு ஒன்று விட்டுவிட்டு மின்னியது.

அவர் உட்கார்ந்தார். விசைப்பலகை மேல் விரல்களை வைத்தார். ஒரு லாரி ஹாரன் விடாமல் அடித்து ஓய்ந்தது. கேமராவில் செல்லக்கனி ஏணியில் பாதி வரை இறங்கி, முந்தானையை வீசிப் புறாக்களை விரட்டிக்கொண்டிருந்தாள்.

பிரகதீசன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“டீ வந்துடுச்சா?” என்று கேட்டார்.